எட்டு மாசத்துலயும் தூக்கி, நின்னு, நடந்து செய்யற வேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டு குழந்தைக்கும் நான் குடோன் வேலையில தான் இருந்தேன். பெட்டி இறக்கறது, அடுக்கறது, ட்ராலி தள்றது, ஷிஃப்ட் முழுக்க நின்னுட்டே தான். முதல் குழந்தைக்கு 37 வாரம் வரைக்கும் போனேன், ரெண்டாவதுக்கு 33லயே நிறுத்திட்டேன். அதுலேர்ந்து எங்க செக்‌ஷன்ல யாரு கர்ப்பமானாலும் "அவங்ககிட்ட கேளு"ன்னு என்கிட்ட அனுப்பிடறாங்க. ஒரே பதிலை திரும்ப திரும்ப சொல்லி வாய் வலிச்சதால இங்க எழுதி வெச்சுட்டேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர், நர்ஸ் கிட்ட துருவி துருவி கேட்டு, கிடைச்சதை படிச்சு, மிச்சத்தை உடம்புல பட்டு தெரிஞ்சுக்கிட்டவ, அவ்வளவுதான். உங்க கேஸ் உங்க டாக்டருக்கு தான் தெரியும்.

கடைசி மாசம் வரைக்கும் உடம்பு நோக வேலை செய்யலாமா, கூடாதா?

சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம்னா நிறைய பேரு செய்யறாங்க, குழந்தையும் நல்லாவே பொறக்குது. அதனால "ஐயோ தூக்கிட்டேனே, என்ன ஆகுமோ"ன்னு ராத்திரி முழிச்சு உக்காராதீங்க. அதே சமயம் ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்ல முடியாது. கனமா தூக்கறது, ரொம்ப நேரம் நிக்கறது, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல வேலை, ராத்திரி ஷிஃப்ட், இதுக்கெல்லாம் குறைப்பிரசவம், எடை கம்மியா பொறக்கறது மாதிரி விஷயங்களோட ஒரு தொடர்பு இருக்குன்னு பல நாட்டு ஆய்வுகளை சேர்த்து பாத்தவங்க சொல்றாங்க. தொடர்பு சின்னது தான். ஆனா இதுல ரெண்டு மூணு ஒரே வேலையில சேர்ந்து வந்தா அப்போ யோசிக்கணும், எங்க குடோன்ல நாலும் சேர்ந்தே தான் வந்துச்சு.

அதனால என்கிட்ட "செய்யலாமா"ன்னு கேட்டா நான் திருப்பி ஒண்ணு கேப்பேன். உங்களுக்கு முடியலன்னு தோணற அந்த நிமிஷம், கையில இருக்கறதை கீழ வெச்சுட்டு உக்கார முடியுமா? யாரையும் கேக்காம, திட்டு வாங்காம? முடியும்னா பாதி பிரச்சனை போச்சு. முடியாதுன்னா, வேலை எவ்வளவு லேசா இருந்தாலும் எனக்கு பயம் தான்.

கர்ப்பிணிங்க உடற்பயிற்சி பண்ணணும்னு டாக்டரே சொல்றாங்க, அப்போ வேலையும் பயிற்சி தானே?

இதை எங்க சூப்பர்வைசரே என்கிட்ட சொன்னாரு, சிரிச்சுக்கிட்டே. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது உண்மை தான், தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிங்க வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமா உடம்பை அசைக்கணும். ஆனா கணக்கு போட்டு பாருங்க, அது நாளுக்கு இருவது நிமிஷ சொச்சம், நாம பாக்கறது எட்டு மணி நேரம்.

நேரம் மட்டும் இல்ல. நீங்களா நடக்கப்போனா மூச்சு வாங்கினா நிப்பீங்க, தாகம் எடுத்தா தண்ணி குடிப்பீங்க, வெயில்னா திரும்பி வந்துடுவீங்க, நடந்து முடிச்சு கால் நீட்டுவீங்க. வேலையில வேகத்தை முடிவு பண்றது நீங்க இல்ல, பெல்ட்ல வர்ற பெட்டி. அதோட பயிற்சின்னா உடம்பு முழுக்க மாறி மாறி அசையும், இங்க ஒரே பக்கம் திரும்பி ஒரே மாதிரி குனிஞ்சு முன்னூறு தடவை. ஓய்வு நேரத்துல அசையறவங்களுக்கு கர்ப்ப சர்க்கரை, பிரஷர் இதெல்லாம் குறையுதுன்னு இருக்கு, அந்த நன்மையை அப்படியே வேலைக்கு தூக்கி ஒட்ட வெக்க முடியாது. அவரு சிரிச்சப்போ எனக்கு இதை சொல்ல தெரியல, இப்போ தெரியுது.

ஆறாவது மாசம் வரைக்கும் ஈசியா செஞ்சேன், இப்போ ஏன் பாதி வேலைக்கே நாக்கு தள்ளுது? நான் சோம்பேறி ஆயிட்டேனா?

சோம்பேறித்தனம் இல்லம்மா. எட்டாவது மாசத்துல உங்க உடம்புல ஓடற ரத்தம் பழசை விட 40லேர்ந்து 50 சதவீதம் அதிகம், அதை இழுத்து தள்ற இதயம் நீங்க சும்மா உக்காந்திருக்கும்போதே கூடுதலா வேலை பாக்குது, நாடித்துடிப்பே நிமிஷத்துக்கு 10லேர்ந்து 20 ஏறியிருக்கும். கர்ப்பப்பை மேல ஏறி நுரையீரலுக்கு கீழ இருக்கற உதரவிதானத்தை ஒரு 4 சென்டிமீட்டர் மேல தள்ளிடும், அதான் ரெண்டு படி ஏறினாலே மூச்சு. அதுக்கு மேல 11, 12 கிலோவோ இன்னும் கூடவோ எடை ஏறியிருக்கும், அதுவும் முன்பக்கமா. அதாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே நீங்க ஏற்கனவே ஒரு மூட்டையை சுமந்துட்டு தான் நிக்கறீங்க, கழட்டி வெக்க முடியாத மூட்டை.

இன்னொண்ணு, ரிலாக்சின்னு ஒரு ஹார்மோன் மூட்டு நாரெல்லாம் தளர்த்தி விடுது, பிரசவத்துக்கு இடுப்பெலும்பு வழி விடணும்ல. ஆனா அது இடுப்பு மட்டும்னு பாத்து தளர்த்தாது. கணுக்கால், முழங்கால், முதுகு எல்லாம் கொஞ்சம் லூஸ். மணிக்கட்டுல நீர் தேங்கி நரம்பை அழுத்தும், காலையில எழுந்தா விரலெல்லாம் மரத்துப்போய் இருக்கும், ஒரு பெட்டியை கெட்டியா பிடிச்சோம்னு நெனைப்போம், அது நழுவும். எனக்கு 30வது வாரத்துல இப்படி ஒரு பெட்டி கால் மேலயே விழுந்துச்சு. அப்போ என் கவனக்குறைவுன்னு எழுதி வெச்சாங்க.

சரி, எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம்?

எல்லாரும் ஒரே நம்பரை எதிர்பாக்கறாங்க, அப்படி ஒரு நம்பர் இல்ல. ஆனா ஓரளவுக்கு பிடிமானமா ஒண்ணு இருக்கு. நியோஷ்னு அமெரிக்காவுல வேலையிட பாதுகாப்பை ஆராயற அரசு நிறுவனம், அதுல இருக்கறவங்க 2013ல கர்ப்பிணிங்களுக்குன்னு ஒரு வரம்பு போட்டாங்க. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு, ரெண்டு கையாலயும், பொருளை உடம்போட ஒட்டி பிடிச்சு தூக்கினா என்ன கணக்குன்னு.

20 வாரத்துக்கு முன்னாடி எப்பவாவது ஒரு தடவை தூக்கறதுக்கு 16 கிலோ. 20 வாரம் தாண்டிட்டா அதே 12 கிலோ. திரும்ப திரும்ப தூக்கற வேலை, ஆனா ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா 20 வாரத்துக்கு அப்புறம் 10 கிலோ. நாள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கிட்டே இருக்கறதா இருந்தா 6 கிலோ தான். ஆறு! எங்க குடோன்ல காலி ட்ரேயே கிட்டத்தட்ட அந்த கனம் இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, கைய நீட்டி தூக்கினா இந்த நம்பர் எல்லாம் இன்னும் பாதியா குறையும், தரையிலேர்ந்து எடுக்கறதும் தலைக்கு மேல வெக்கறதும் கணக்குலயே கிடையாது, செய்யவே கூடாதுன்னு தான் இருக்கு. கணுக்கால் முழங்கால் நடுவுக்கு கீழ குனிஞ்சு எடுக்காதீங்க, அவ்வளவுதான். மாடிப்படியில தூக்கிட்டு போறது, பேஷண்ட்டை புரட்டறது இதுக்கெல்லாம் இந்த கணக்கு பொருந்தாது, பெட்டிக்கு கைப்பிடி இருக்கு, ஆளுக்கு இல்ல, திடீர்னு அசைவாங்க வேற.

முதுகை நேரா வெச்சு முழங்காலை மடக்கி தூக்கினா எவ்வளவு வேணா தூக்கலாம்தானே?

வயித்துல குழந்தை இல்லாதவங்களுக்கு சொன்ன பாடம் அது. பொருள் உடம்போட ஒட்டி இருந்தா தான் முதுகுக்கு பாரம் கம்மி. இப்போ நடுவுல வயிறு இருக்கே, எப்படி ஒட்டும்? ஒரு சாண் தள்ளி தான் பிடிக்க முடியும், அந்த ஒரு சாணுக்கு முதுகு படற பாடு, நீளமான குச்சி நுனியில வாளியை மாட்டி தூக்கற மாதிரி. பாரம் அதே, இழுப்பு டபுள். முழங்கால் மடக்கறது தப்பில்ல, செய்யுங்க, ஆனா அதை நம்பி கனத்தை ஏத்தாதீங்க. பெட்டியை பிரிச்சு ரெண்டு நடையா எடுங்க, தூக்கறதுக்கு பதிலா தள்ளுங்க, தள்றது இழுக்கறதை விட மேல். பெட்டி இடுப்பு உயரத்துல இருக்கற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டா பாதி வேலை ஆயிடுச்சு.

எனக்கு தூக்கற வேலை இல்ல, நாள் முழுக்க நிக்கறது மட்டும் தான். அதுல என்ன கஷ்டம்னு எல்லாரும் கேக்கறாங்க.

கேக்கறவங்களை ஒரு நாள் நிக்க சொல்லுங்க. நடந்தா கெண்டைக்கால் சதை பம்ப் மாதிரி ரத்தத்தை மேல தள்ளும். ஒரே இடத்துல நின்னா அந்த பம்ப் ஆஃப். கர்ப்பப்பை வேற கால்லேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாயை அழுத்திட்டு இருக்கு. ரத்தம் கால்லயே தங்கும், தலை சுத்தும், கண்ணு இருட்டும், வெரிகோஸ் நரம்பு புடைக்கும், சாயங்காலம் செருப்பு கழட்டினா கால்ல அச்சு.

நான் பண்ணினது இதெல்லாம். ஒரு அடி உயரத்துல ஒரு காலி பெட்டியை வெச்சு, ஒரு கால் மாத்தி ஒரு கால் அதுல வெச்சுக்குவேன், இடுப்புக்கு உடனே தெரியும். கணுக்காலை ஆட்டிட்டே இருப்பேன். அழுத்தமான சாக்ஸ் காலையில படுக்கையை விட்டு எழறதுக்கு முன்னாடியே போட்டுடணும், வீங்கின பிறகு போட்டா ஏறாது, ஏறினாலும் வலி தான். ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, காலே கொஞ்சம் பெருசாகுது, சிலருக்கு பிரசவத்துக்கு அப்புறமும் பழைய சைஸுக்கு வராது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பத்து பதினஞ்சு நிமிஷம் காலை தூக்கி வெச்சு உக்காரணும், அதை பிரேக் கணக்குல பிடிக்கறாங்களோ இல்லையோ.

வேலை நேரத்துல வயிறு கல்லு மாதிரி இறுகுது, இது வலியா?

பெரும்பாலும் பொய் வலி. உடம்பை வருத்தினா, தண்ணி குடிக்காம விட்டா, மூத்திரத்தை அடக்கினா அதிகமா வரும், அதனால நம்ம மாதிரி வேலை பாக்கறவங்களுக்கு ஷிஃப்ட் கடைசியில ஜாஸ்தி. உடனே உக்காருங்க, ரெண்டு டம்ளர் தண்ணி, முடிஞ்சா இடது பக்கம் சாஞ்சு படுங்க. பொய் வலின்னா தாறுமாறா வந்து, ஓய்வு எடுத்தா அடங்கிடும். அடங்கலன்னா, இல்ல கடிகாரம் வெச்ச மாதிரி 10 நிமிஷத்துக்கு ஒருக்கா வந்துட்டே இருந்தா, அதுவும் 37 வாரம் ஆகலன்னா, ஷிஃப்ட் முடியட்டும்னு இருக்காதீங்க. முதுகுல கீழ விட்டு விட்டு வலிக்கறது, கீழ இழுத்து அழுத்தற மாதிரி இருக்கறது, இதுவும் அதே கணக்கு.

ரெண்டாவது குழந்தைக்கு எனக்கு தினமும் மூணு மணிக்கு மேல இறுகும், ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இருக்காது. ஞாயித்துக்கிழமை ஏன் இல்லன்னு எனக்கு ரெண்டு வாரம் புரியவே இல்ல பாருங்க. ஒரு சின்ன நோட்டுல மணி எழுதி வெச்சு டாக்டர் கிட்ட காட்டினேன், அவங்க அதை பாத்துட்டு தான் வேலை இடத்துக்கு கடுதாசி எழுதி குடுத்தாங்க.

வேலை பாக்கும்போது குழந்தை அசையறதே தெரியலயே?

நாம நடந்துட்டே இருந்தா தொட்டில் ஆட்டற மாதிரி, குழந்தை தூங்கும். நமக்கும் கவனம் வேற எங்கயோ. நாள் முழுக்க ஓடிட்டு ராத்திரி படுத்தா தான் உதைக்க ஆரம்பிக்கும். 28 வாரத்துக்கு மேல உங்க குழந்தைக்குன்னு ஒரு பழக்கம் வந்திருக்கும், எப்போ ஆடும், எப்போ அடங்கும்னு. அந்த பழக்கம் மாறினா தான் கவலை. சந்தேகமா இருந்தா வேலையை விட்டுட்டு பக்கவாட்டுல படுத்து கவனிங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வந்துடணும், பெரும்பாலும் அரை மணியிலயே வந்துடும். வரலன்னா, இல்ல வழக்கத்தை விட ரொம்ப கம்மின்னு மனசுல பட்டாலே அன்னிக்கே ஆஸ்பத்திரி, காலையில பாத்துக்கலாம்னு தூங்காதீங்க. வேலை பாக்கறவங்களுக்கு இது தான் எனக்கு ரொம்ப பயமான விஷயம், பிஸியா இருந்ததுல நாள் முழுக்க கவனிக்கவே இல்லன்னு ஆயிடக்கூடாது. மதியம் உக்காரும்போது ஒரு அஞ்சு நிமிஷம் வயித்து மேல கை வெச்சு சும்மா இருங்க.

எதெல்லாம் வந்தா கையில இருக்கறதை போட்டுட்டு கிளம்பணும்?

ரத்தம் பட்டா, எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும். தண்ணி மாதிரி கசிஞ்சா, யூரினா பனிக்குட நீரான்னு நீங்களே ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்க வேணாம். மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்கறது, வலது விலாவுக்கு கீழ வலி, முகமும் கையும் திடீர்னு வீங்கறது. இது நாலும் பிரஷர் ஏறி வர்ற கர்ப்ப நோயோட அடையாளம், 140க்கு 90 தொட்டாலே டாக்டர் பாக்கணும். நம்ம வேலையில தலைவலியும் வீக்கமும் சகஜம்னு நாமளே ஒதுக்கிடுவோம், அங்க தான் மாட்டிக்கறது. சாயங்காலம் ரெண்டு பாதமும் வீங்கறது சகஜம், காலையில வத்திடும். முகம் வீங்கறது சகஜம் இல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, கெண்டைக்கால் வலிச்சா அது ரத்தக்கட்டியா இருக்கலாம். நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு அடங்காம இருந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க.

கீழ விழுந்துட்டேன், ஆனா வயித்துல அடிபடல. போகணுமா?

போகணும். வயித்துல நேரா படலன்னாலும் விழற அதிர்ச்சியில நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டு பிரியலாம், உடனே வலிக்காம சில மணி நேரம் கழிச்சு தெரியலாம். குறிப்பா 20 வாரம் தாண்டினவங்களை ஆஸ்பத்திரில சில மணி நேரம் மானிட்டர் மாட்டி பாப்பாங்க. அமெரிக்காவுல ஒரு ஆய்வுல வேலைக்கு போற கர்ப்பிணிங்கள்ல நாலுல ஒருத்தர் ஒரு தடவையாவது விழுந்திருக்காங்கன்னு வந்துச்சு, அதனால வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வயிறு மறைக்கறதால கால் எங்க வெக்கறோம்னே தெரியாது. ஏணி, ஸ்டூல், ஈரத்தரை, கையில பொருளோட படி இறங்கறது, இந்த நாலையும் ஏழாவது மாசத்தோட வேற யாருக்காவது குடுத்துடுங்க.

வேலை இடம் அனலா கொதிக்குது, சத்தம் வேற. பரவாயில்லையா?

சூட்டை சாதாரணமா எடுத்துக்காதீங்க. கர்ப்பிணி உடம்பு ஏற்கனவே கூடுதல் சூடு உண்டாக்குது, குழந்தைக்கு வேர்க்காது, அது தன்னோட சூட்டை நம்ம மூலமா தான் வெளிய விடும். உடம்பு சூடு 39 டிகிரி செல்சியஸ் தாண்ட விடக்கூடாது. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிங்க, யூரின் வெளிர் மஞ்சளா இருக்கணும், அடர்த்தியா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். பாத்ரூம் தூரமா இருக்குன்னு தண்ணியை குறைக்கறவங்க நிறைய பேர், நானும் தான் பண்ணினேன், யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து காய்ச்சல்ல படுத்தேன், அந்த இன்ஃபெக்‌ஷனே பிரசவ வலியை கிளப்பிவிடும்னு அப்போ தான் தெரிஞ்சுது.

சத்தத்துல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது. காதுல அடைப்பான் போட்டா உங்க காது தப்பிக்கும், குழந்தை காதுக்கு அது உதவாது. வயிறு கொஞ்சம் சத்தத்தை குறைக்கும், ஆனா அடித்தொண்டையில உறுமற மாதிரி மெஷின் சத்தம் நல்லாவே உள்ள போகும், மெஷின் மேல சாஞ்சு நின்னா அதிர்வும் சேர்ந்து போகும். 115 டெசிபெல்லுக்கு மேல இருக்கற இடத்துல காதடைப்பு போட்டாலும் கர்ப்பிணிங்க இருக்கவே வேணாம்னு நியோஷ் சொல்லுது. மரம் அறுக்கற மோட்டார் ரம்பம் ஓட்டறவங்களுக்கு கேக்கற சத்தம் கிட்டத்தட்ட அந்த ரேஞ்ச்.

மூடின இடத்துல டீசல், பெட்ரோல் வண்டி ஓடினா புகையில இருக்கற கார்பன் மோனாக்ஸைடு குழந்தையோட ரத்தத்துல நம்மளை விட கெட்டியா ஒட்டிக்கும், அதனால உங்களுக்கு லேசா தலைவலின்னா அங்கேர்ந்து நகர்ந்துடுங்க. ஈயம், சால்வென்ட், பூச்சி மருந்து, எக்ஸ்ரே இதோட வேலை பாக்கறவங்க கடைசி மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, கர்ப்பம் தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிடுங்க.

நைட் ஷிஃப்ட்?

முடிஞ்சா மாத்திக்குங்க. டென்மார்க்ல 2019ல வந்த ஆய்வுல வாரத்துக்கு ரெண்டோ அதுக்கு மேலயோ நைட் பாத்தவங்களுக்கு எட்டு வாரத்துக்கு அப்புறம் கரு கலையற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு. கடைசி மாசங்கள்ல பெரிய தொல்லை தூக்கம் தான், பகல்ல தூங்கவே முடியாது, களைச்ச உடம்பு தடுக்கி விழும். தூங்கும்போது 28 வாரத்துக்கு மேல பக்கவாட்டா படுங்க. மல்லாக்க படுத்தா கர்ப்பப்பை பின்னாடி இருக்கற பெரிய ரத்தக்குழாயை நசுக்கும்.

சூப்பர்வைசர் கிட்ட எப்படி சொல்றது? டாக்டர் "லைட் வொர்க்"னு எழுதி குடுத்தாரு, அதை பாத்துட்டு வீட்டுக்கே போன்னு சொல்லிட்டாங்க.

அந்த ரெண்டு வார்த்தை தான் வில்லன். "லேசான வேலை மட்டும்"னு எழுதினா, இங்க லேசான வேலையே இல்ல, சம்பளம் இல்லாம லீவுல போங்கன்னு சொல்றதுக்கு வசதியா போயிடும். முதல் குழந்தைக்கு எனக்கும் இதே தான் நடந்துச்சு, ரெண்டு வார சம்பளம் போச்சு, அதுக்கப்புறம் தான் கடுதாசியை திரும்ப எழுதி வாங்கினேன்.

டாக்டருக்கு உங்க வேலை என்னன்னு தெரியாது, நீங்க சொன்னா தான் தெரியும். போறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க எண்ணிப்பாருங்க, எத்தனை பெட்டி, ஒண்ணு எத்தனை கிலோ, எங்கேர்ந்து எங்க, எவ்வளவு நேரம் நின்னீங்க. அதை காட்டினா அவங்களால குறிப்பா எழுத முடியும். "இத்தனை கிலோவுக்கு மேல தூக்க வேணாம், தரையிலேர்ந்து எடுக்க வேணாம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம் உக்காரணும், ஏணி ஏற வேணாம், மத்த வேலை எல்லாம் செய்யலாம்." அந்த கடைசி வரியை விட்டுடாதீங்க, செய்யக்கூடியதும் எழுதியிருந்தா தான் உங்களுக்கு வேலை குடுக்க முடியாதுன்னு சொல்றது கஷ்டமாகும். தேதி போட்டு, எதுவரைக்கும்னும் இருக்கட்டும். ஒரு காப்பி உங்ககிட்ட வெச்சுக்குங்க, வாயால சொன்னதையும் மெசேஜ்ல ஒரு வரி போட்டு வைங்க.

கூட வேலை பாக்கறவங்க முணுமுணுப்பாங்க. உங்க பெட்டியும் சேர்த்து அவங்க தூக்கினா கோவம் வரத்தான் செய்யும், அது அவங்க தப்பு இல்ல, ஆள் போடாதவங்க தப்பு. நான் லேபிள் ஒட்டறது, கணக்கு எழுதறதுன்னு அவங்களுக்கு பிடிக்காத வேலையை எல்லாம் இழுத்து என் பக்கம் போட்டுக்கிட்டேன், சத்தம் குறைஞ்சுது.

சட்டத்துல ஏதாவது இருக்கா?

நாட்டுக்கு நாடு வேற, உங்க ஊர் சட்டத்தை தொழிலாளர் அலுவலகத்துலயோ சங்கத்துலயோ கேளுங்க. உலக அளவுல ஒரு அடித்தளம் இருக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000ல கொண்டுவந்த 183வது உடன்படிக்கை, தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல்னு முடிவான வேலையை செய்ய சொல்லி கட்டாயப்படுத்தக்கூடாதுங்குது, குறைஞ்சது 14 வாரம் லீவு, அதுல பிரசவத்துக்கு அப்புறம் 6 வாரம் கட்டாயம். கர்ப்பத்தை காரணமா வெச்சு வேலையை விட்டு எடுக்கக்கூடாதுன்னும் இருக்கு. அதோட வந்த 191வது பரிந்துரையில கையால தூக்கறது, தள்றது, ரொம்ப நேரம் நிக்கறது உக்காந்திருக்கறது, அதிக சூடு குளிர், அதிர்வு எல்லாமே பேர் சொல்லி எழுதியிருக்கு, முதல்ல வேலையில இருக்கற ஆபத்தை எடுக்கணும், முடியலன்னா வேலையை மாத்தி அமைக்கணும், அதுவும் முடியலன்னா சம்பளம் குறையாம வேற வேலை, அதுவும் இல்லன்னா சம்பளத்தோட லீவு. எல்லா நாடும் இதுல கையெழுத்து போடல. ஆனாலும் பேசும்போது "நான் சலுகை கேக்கல, சர்வதேச தொழிலாளர் அமைப்பே சொன்ன வரிசை இது"ன்னு சொல்ல ஒரு தெம்பு.

இவ்வளவு தொல்லைக்கு பேசாம ரெண்டு மாசம் முன்னாடியே படுத்துடலாமே?

நிறுத்தறது வேற, படுத்துடறது வேற. படுத்தே இருந்தா குறைப்பிரசவம் தள்ளிப்போகும்னு ஒரு காலத்துல நம்பினாங்க, அதுக்கு ஆதாரம் கிடைக்கல, மாறா கால்ல ரத்தக்கட்டி, சதையும் எலும்பும் பலவீனமாகறதுன்னு வேற பிரச்சனை வருது. அதனால இப்போ டாக்டர்கள் பொதுவா முழு படுக்கையை சொல்றதில்ல. கனமான வேலையை நிறுத்தினாலும் மெதுவா நடங்க.

சிலர் மட்டும் சீக்கிரமே நிறுத்தறது நல்லது: இரட்டை குழந்தை, நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கறவங்க, கர்ப்பப்பை வாய் நீளம் குறைஞ்சு இருக்கறவங்க, அதுக்கு தையல் போட்டவங்க, ஏற்கனவே குறைப்பிரசவம் ஆனவங்க, பிரஷர், குழந்தை வளர்ச்சி கம்மின்னு ஸ்கேன்ல வந்தவங்க, ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கறவங்க. மேல எழுதின கிலோ கணக்கு எதுவும் இவங்களுக்கு இல்ல.

வயித்து பெல்ட் போட்டா தாங்குமா?

வயித்தை தாங்கற துணி பெல்ட் சிலருக்கு இடுப்பு வலிக்கு சுகமா இருக்கும், எனக்கு இருந்துச்சு. நாள் முழுக்க இறுக்கி கட்டாதீங்க, வேலை நேரத்துல சில மணி நேரம் போதும். மூட்டை தூக்கறவங்க போடற அந்த கெட்டி முதுகு பெல்ட் வேணவே வேணாம், அது வயித்தை அமுக்கும், போட்டா தெம்பு வந்த மாதிரி தோணி கூட தூக்குவோம்.

வீட்டுக்கு வந்தா பெரியவன் தூக்கு தூக்குன்னு அழறான்...

வேலையில 6 கிலோவுக்கு மேல தூக்கமாட்டேன்னு கடுதாசி குடுத்துட்டு வந்து வீட்டுல 12 கிலோ பையனை இடுப்புல வெச்சுக்கிட்டவ நான். ரெண்டு வயசு பிள்ளை கிட்டத்தட்ட அவ்வளவு கனம் தான். உடம்புக்கு ஆபீஸ் கணக்கு வீட்டு கணக்குன்னு தனி தனி நோட்டு கிடையாது, ஷிஃப்ட் முடிஞ்சு துணி, தண்ணி, பாத்திரம் எல்லாம் அதே முதுகு தான். நீங்க உக்காந்துக்குங்க, பிள்ளை தானா ஏறி மடியில வரட்டும். தரையில குனிஞ்சு அள்ளாதீங்க. வீட்டுல இருக்கற ஆம்பளைங்களுக்கு: அவங்க வேலையிலேர்ந்து வந்தப்புறம் என்ன தூக்கறாங்கன்னு ஒரு நாள் எண்ணிப்பாருங்க.

நீங்க எப்போ நிறுத்தணும்னு எப்படி முடிவு பண்ணினீங்க?

முதல் தடவை நான் முடிவு பண்ணல, பணம் முடிவு பண்ணுச்சு. லீவு எல்லாத்தையும் குழந்தை பொறந்த பிறகு வெச்சுக்கலாம்னு 37 வாரம் வரைக்கும் இழுத்தேன், நல்லபடியா தான் பொறந்தான், ஆனா கடைசி வாரம் படியில உக்காந்து அழுதது ஞாபகம் இருக்கு. ரெண்டாவது தடவை அந்த நோட்டு இருந்துச்சே, வயிறு இறுகற மணி எழுதினது. 33வது வாரம் ஒரு நாள் பாத்தா மூணு மணி இறுக்கம் பதினோரு மணிக்கே வந்துடுச்சு, முன்னாடியெல்லாம் உக்காந்தா அடங்க பத்து நிமிஷம் ஆச்சு, இப்போ முக்கால் மணி நேரம். வலி இல்ல, ரத்தம் இல்ல, டாக்டர் பாத்துட்டு கருப்பை வாய் நல்லா மூடி தான் இருக்குன்னு சொன்னாங்க. "தொடரலாம், ஆனா உக்கார விடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த வாரம் ரெண்டு பேர் லீவு, என் ஸ்டூலை யாரோ எடுத்துட்டு போயிருந்தாங்க. விடமாட்டாங்கன்னு சொன்னேன். அப்படியே லீவு லெட்டர் எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்.

வேலை இடத்துலயே பனிக்குடம் உடைஞ்சுட்டா?

உக்காருங்க, ஒரு துணியோ பேடோ வெச்சுக்குங்க, மணி பாருங்க, நிறம் பாருங்க. தெளிவா இருந்தா பதறாம கிளம்பலாம், பச்சையாவோ பழுப்பாவோ ரத்தமாவோ இருந்தா, குழந்தை அசைவு குறைஞ்சிருந்தா, 37 வாரம் ஆகலன்னா ஆம்புலன்ஸ். கொடி மாதிரி ஏதாவது வெளிய வந்த மாதிரி இருந்தா முட்டி போட்டு, தலையை தரையில வெச்சு, இடுப்பை மேல தூக்கி அப்படியே இருங்க, வண்டி வர்ற வரைக்கும் எழவேணாம். நீங்களா வண்டி ஓட்டிட்டு போகாதீங்க. எட்டாவது மாசம் ஆரம்பிச்ச உடனே கூட வேலை பாக்கற ரெண்டு பேருக்கு உங்க ஆஸ்பத்திரி நம்பர், வீட்டு நம்பர், ரத்த குரூப், எத்தனாவது வாரம், எல்லாம் ஒரு சீட்டுல எழுதி குடுத்துடுங்க, லாக்கர் கதவுல உள்பக்கமும் ஒண்ணு ஒட்டிடுங்க. ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா அவங்க அன்னிக்கு லீவுல இருப்பாங்க.